பதினோரு நாள் காட்டுநடை

ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி டம்ளரை ஓசைப்பட மேசையில் வைத்துவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்றார்.

"முடிவு பண்ணிட்டேன். பதினோரு நாள். நூத்தி எழுபது கிலோமீட்டர். காட்டுக்குள்ள. நடந்து. தன்னந்தனியா."

இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களை ஏற்றி இறக்கியே பிழைத்தவர் அவர். குடியிருப்பது முதல் மாடி. அதற்கும் லிஃப்ட் வரும்வரை காத்து நிற்பார். போன வாரம் ஒரு கட்டடத்தில் மின்சாரம் இல்லாமல் ஒன்பதாவது மாடிக்குப் படியேற வேண்டி வந்தது. நாலாவது மாடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தப் பெரிய காட்டைக் கடந்து காட்டறேன், பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

போகிற எண்ணம் மட்டும் அவருக்குக் கடுகளவும் கிடையாது. மனைவி விடமாட்டாள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் வாயை விட்டிருந்தார். 'வீட்டுல விடலப்பா' என்பதைவிடக் கௌரவமான காரணம் கல்யாணமான ஆண்பிள்ளைக்கு வேறென்ன இருக்கிறது?

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மருந்துச்சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஒரு மாத்திரைகூடக் கிள்ளித் தரமாட்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"ஓடை இருக்கும்ல?"

"ஓடைத் தண்ணிய அப்படியே குடிச்சா, அப்புறம் ஓடறது ஓடையா இருக்காது, நீங்களாத்தான் இருப்பீங்க. கொதிக்க வெக்கணும், இல்லன்னா வடிகட்டணும்." நோட்டை எடுத்து எழுதினாள். "அப்புறம்?"

"அப்புறம்னா?"

"வேற என்னென்ன வேணும்னு கேக்கறேன். போறதுன்னா ஒழுங்காப் போகணும்ல?"

லிஃப்ட் மெக்கானிக் நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து அவளைப் பயமுறுத்தத் தொடங்கினார். கரடி வருமாம் என்றார். "சாப்பாட்டக் கூடாரத்துல வெக்காம, தள்ளி மரத்துல கட்டித் தொங்கவிடணும்" என்று எழுதிக்கொண்டாள். பாம்பு கடிக்குமாம் என்றார். "கண்ட இடத்துல கைய விடக்கூடாது. கடிச்சா கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, அசையாம வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்" என்று எழுதிக்கொண்டாள். மழையில் நனைந்து விறைத்தே செத்தவர்கள் உண்டாம் என்றார், குரலைத் தாழ்த்தி. அன்று சாயங்காலமே மாற்றுத்துணி வைக்க நனையாத பை ஒன்று வாங்கி வந்தாள். அவர் ஒரு பயத்தைச் சொன்னால் வீட்டுக்குள் ஒரு சாமான் வந்தது. கூடம் முழுக்கச் சாமான் சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது பயிற்சி. ஆறு வாரம், விடிந்ததும் ஏரிக்கரையில் நடை. முதல் வாரம் முதுகில் நாலு கிலோ, கடைசி வாரம் பன்னிரண்டு. துணைக்கு அவளும் வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவளுடைய அக்காவும், உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்புப் பிடித்துவிட்டதென்று சேர்ந்துகொண்டார்.

புது பூட்ஸ் மூன்றாம் நாளே அவர் குதிகாலைக் கடித்தது. "கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே, எரியும்போதே பிளாஸ்திரி போட்டுடணும்" என்று மண்டியிட்டு ஒட்டிவிட்டாள்.

இரண்டாவது வாரம் ஏரிக்கரை பெஞ்சு அவருக்குப் பழக்கமானது. "நீங்க ரெண்டு பேரும் பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க. எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நான் பாக்கறேன்" என்பார்.

"உங்க பை?"

"அது இங்கயே இருக்கட்டும்."

"பாரம் பழகணும்ல? குடுங்க" என்று அதையும் முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடப்பாள்.

நாலாவது வாரம் ஒரு நாள், பாலத்திலிருந்து அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்தார். மனைவிக்கு மூச்சு வாங்கவில்லை. அக்கா ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துப் பார்த்தார். அவருக்கு என்னவோ போல இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

கிளம்ப மூன்று நாள் இருக்கையில் கடைசி வழியைப் பிடித்தார். குளியலறை வாசலில் "ஐயோ!" என்று விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அமுக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வலிக்குதா?"

"உயிர் போகுது."

"அப்ப நீங்க போகக்கூடாது. கால் சரியில்லாதப்போ காட்டுக்குப் போறது தைரியம் இல்ல. நின்னுடறதுதான் தைரியம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனைவி! காலில் கட்டுப் போட்டு, கீழே தலையணை வைத்து, ரெண்டு வாரம் அசையக்கூடாது என்றாள். படுத்தபடியே பணிமனைக்குப் போன் போட்டார். "கெளம்ப மூணு நாள் இருக்கும்போது இப்படி ஆயிடுச்சு, பாத்துக்கோங்க" என்றார். அங்கே எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அன்று மாதிரி அவர் நிம்மதியாகத் தூங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது கூடத்தில் இரண்டு பேர் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகில் பை.

"மாப்பிள்ளை, கால ஊனிடாதீங்க" என்றார் அக்கா.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"காட்டுக்கு" என்றாள் மனைவி. "வாங்கின சாமான் வீணாகுமே."

"அனுமதி வாங்கணும்! அதெல்லாம் லேசுல கெடைக்காது!"

வனத்துறை முத்திரை குத்திய தாளை அவரிடம் நீட்டினாள். விண்ணப்பித்த தேதி இருபது நாளைக்கு முந்தியது. அவர் காலுக்கு அப்போது ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

தாளை வாங்கிக்கொண்டார். "உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் ஆறு வாரம் நடந்தேன்."

தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நடப்பவர்கள் என்ற இடத்தில் அவள் பெயர், அக்கா பெயர்.

"எம் பேரு எங்க?"

"இருக்கே. கடைசி வரி பாருங்க" என்று சொல்லிவிட்டு, படி வழியாகவே இறங்கிப் போனாள்.

கடைசி வரியைப் படித்தார்: 'அவசரத்தில் தொடர்புகொள்ள: கணவர். எந்த நேரமும் வீட்டில் படுத்திருப்பார்.'