நஞ்சில்லாத கித்துள் புகை

போனில் பாதி படித்துவிட்டு ஊருக்கே முழுதாகப் புத்தி சொல்லும் வியாதி எனக்கு உண்டு. இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. தணித்தது வைத்தியர் இல்லை, ஒரு கித்துள் மரம்.

கேஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்ற நேரம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கை சுமதியைப் பெண் பார்க்கத் தேயிலைமலைப் பக்கம் புசல்லாவையிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மூன்று இடம் தட்டிப்போன பிறகு வந்த வரன். மாப்பிள்ளை ஆசிரியர். சுமதிக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது (வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க என் போனை அடிக்கடி இரவல் கேட்பாள்).

வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் புகைபோக்கி கிடையாது. நாங்கள் முன்பிருந்த தேயிலைத் தோட்டத்துப் பக்கம், தெல்தோட்டையிலிருந்து இரண்டு கட்டு மிலாறு வரவழைக்கலாம் என்றார் அம்மா. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் மிலாறு, நன்றாக எரியும்.

"டவுனுக்கு வந்தும் மிலாறாம்மா? வர்றவங்க என்னா நெனைப்பாங்க?" என்றேன். (புசல்லாவைக்காரர்கள் மிலாறைப் பார்த்து மயங்கி விழுவார்களாம். பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டு அடுப்பில் வேறு என்ன எரிந்ததாம்?)

பக்கத்து வீட்டு சுனில் ஐயா முந்தின வாரம் ஒரு கித்துள் மரத்தை வெட்டியிருந்தார். கேட்டதும் துண்டுகளைத் தந்தார். "மாத்தயா, இப்ப எரிக்க வேணாம். உள்ளுக்கு ஈரம்" என்று சொல்லித்தான் தந்தார். அம்மாவுக்கு வேறு பயம்.

"பனை சாதி மரத்த எரிச்சா நஞ்சுப் புகை வருமாம்டா."

உடனே போனை எடுத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தால் எரிக்கலாம், நஞ்சில்லை என்று போட்டிருந்தது. 'நஞ்சில்லை' மட்டும் என் கண்ணில் பட்டது. கீழே ஈரம், காற்றோட்டம் என்று ஏதோ நீளமாகப் போனது. நான் அதன்கூடப் போகவில்லை.

அவர்கள் வந்து உட்கார்ந்தபோது கோழிக்கறி அரைவேக்காட்டில் இருந்தது. கித்துள் துண்டு வெளியே இரும்பு, உள்ளே நனைந்த பஞ்சு. சீறியது, வெடித்தது, என் இடுப்புச் சாரத்தில் ஒரு பொறியைத் துப்பியது. எரிவதைத் தவிர எல்லாம் செய்தது. புகை என்னை முந்திக்கொண்டு விருந்தாளிகளை வரவேற்கப் போனது.

"என்னா தம்பி எரியுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, இருமிக்கொண்டே.

"கித்துள்மா. பயப்படாதீங்க, நஞ்சு இல்ல. போன்லயே போட்டிருக்கான்."

"நஞ்சு இல்லையா? அப்ப சரி, நல்ல புகையிலயே செத்துப்போறேன்" என்றவருக்கு அடுத்த மூச்சு வரவில்லை. பழைய மூச்சிழுப்புக்காரராம். இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் சுமதிக்கு இந்த ஜென்மத்தில் நான் என்ன பதில் சொல்வேன்? அப்போதும் என் பாழாய்ப்போன வாய், "ஈரப் புகைதான், ஒன்னும் ஆகாது" என்று விளக்கிக்கொண்டிருந்தது.

தலைகுனிந்து தேநீர் கொடுக்கவேண்டிய சுமதி, பட்டுச்சேலையோடு உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

"அண்ணே, வாய மூடு! கதவத் தொற!"

மாப்பிள்ளை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக அந்த அம்மாவை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கதிரையில் உட்கார்த்தினார்கள். சுமதி தட்டால் விசிறினாள். மை வழிந்த முகத்தோடு என்னைத் திட்டிக்கொண்டே விசிறினாள். போச்சு, இதுவும் போச்சு என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு சீரானது. சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியார் வீட்டுக்கு இப்புடி அதட்டத் தெரிஞ்ச புள்ளதான் வேணும். தேதி பாருங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "கல்யாணச் சமையல் எங்க பொறுப்பு."

அன்றைக்கு எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டே பாணும் சீனிச்சம்பலும் சாப்பிட்டோம்.

இப்போதும் சுமதி வீட்டுக்குப் போனால் அவள் மாமியார் "வாங்க தம்பி" என்று சிரித்தபடி எழுந்து, முதலில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார். புசல்லாவைப் பனி உள்ளே வரும். வீடே நடுங்கும். ஆனாலும் நான் பஸ் ஏறும்வரை ஒருத்தரும் மூடமாட்டார்கள்.