ஆற்றில் நின்று ஸலாம் சொல்லும் உன் மச்சான்

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி மின்ஹாஜுக்கு ராத்தா பஹீமாவின் ஸலாம். கத்தார் வெயிலில் நீயும் றம்லாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே நான் சுகமில்லை. காரணம் நீ.

வாட்ஸ்அப்பில் சொன்னால் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் இன்று ப்ளைட் ஏறும் றிஸ்லானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்க வாசி.

உன் மச்சானுக்குச் சீனி கூடிவிட்டது, நடக்கச் சொல்லுங்கள் என்றுதான் டொக்டர் சொன்னார். நீ என்ன செய்தாய்? காற்றடித்து, மேலே நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை ஒன்றை அனுப்பினாய். கூடவே மிதவைச் சட்டையும் காலில் கட்டும் கயிறும் இருக்கிறது என்றாய். நாற்பது வருடம் புடவைக்கடை நடத்திய மனிதர் அந்தச் சட்டையைத் தடவிப் பார்த்து, தையல் சரியில்லை என்று உறை பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிட்டார். கயிறு எங்கே என்றால், துலைஞ்சு போச்சாம். பார்சல் வந்து மூன்றே நாளில்! கடைச் சாவியைத் தவிர எதைத்தான் ஒழுங்காக வைத்திருந்தார் இவர்?

வாவி என்று நீங்கள் படித்தவர்கள் சொல்லும் நம்முடைய ஆறு என்ன எங்கட வீட்டு வளவா? தோணி வருகிறது, வெள்ளைக்காரரை ஏற்றிய எஞ்சின் போட் வருகிறது, வலைக்குக் கம்பு நட்டிருக்கிறார்கள். அக்கரையில் மீன் பிடிக்கும் சாமித்தம்பி அண்ணன் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார், கம்புக்கு வெளியால் போங்க, போட் வந்தால் முழங்காலில் இருங்க என்று. இவர் இருப்பாரா? கடையில் நாற்பது வருடம் நின்ற கால் என்கிறார்.

அதைவிடப் பெரிய கரைச்சல் அந்த ஸலாம். தெருவில் போகிற எல்லாருக்கும் ஸலாம் சொல்லி, வீட்டில் சுகமா என்று விசாரித்தால்தான் இவருக்குச் சோறு செமிக்கும். ஆற்றிலும் அதே பழக்கம். தோணிக்காரருக்கு ஒரு கை, கரையில் நிற்பவருக்கு மற்றக் கை, பிறகு துடுப்புக்குக் கை ஏது? தொப்பென்று விழுவார், ஏறுவார், திரும்ப ஸலாம்.

செவ்வாய்க்கிழமை நல்ல கச்சான் காற்று. ஸலாம் சொல்லி விழுந்தார், பலகை காற்றோடு தன் பாட்டில் போய்விட்டது. காலில் கயிறு இருந்தால் போகுமா? நீந்தத் தெரியாத மனிதர் வலைக்கம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கி ஆட்டியிருக்கிறார். கரையில் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கி ஸலாமுக்குப் பதில் சொன்னார்களாம். ஒருவர், மகள் நிஸ்றா சுகமா என்றும் கேட்டாராம்.

சாமித்தம்பி அண்ணனும் முதலில் கை காட்டியவர்தான். ஆளில்லாமல் பலகை போவதைக் கண்டுதான் தோணியைத் திருப்பினாராம். இவரையும் பலகையையும் இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாராம்: “முதலாளி, தண்ணிக்குள்ள நிண்டு கையத் தூக்கினா உசிருக்கா ஸலாமுக்கா எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஸலாமெல்லாம் கரைக்கு வந்து சொல்லுங்க.”

சாறன் உடம்போடு ஒட்ட, நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மூன்று நாளாக ஏசுகிறேன், கயிற்றைத் துலைச்ச மனிசன் எண்டு. இவருக்கு ஒன்று நடந்தால் நான் என்ன செய்ய மின்ஹாஜ்? இன்றைக்கே போன் எடுத்து, அந்தப் பலகையை யாருக்காவது கொடுக்கச் சொல்லு. நான் சொன்னால் கேளார்.

நெத்தலிக் கருவாடு வைத்திருக்கிறேன். தொழுகையில் உங்களுக்காக துஆ கேட்காத நாளில்லை.

உன் ராத்தா,
பஹீமா

பிற்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவருடைய சாறனைக் காயப்போடப் பின்வளவுத் துணிக்கொடிக்குப் போனேன். உன் பார்சலைக் கட்டி வந்த கயிறு என்று நினைத்து நானே ஆசையாகக் கட்டிய கொடி அது. சுருள் சுருளாக இருப்பதால் துணியைச் செருகினால் போதும், கிளிப் தேவையில்லை என்று அயலுக்கெல்லாம் காட்டினேன். அதன் நுனியில் காலில் சுற்றும் பட்டி தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழால்தான் துடுப்போடு போனவர். அவிழ்க்க மனமில்லாமல் துலைஞ்சு போச்சு என்றிருக்கிறார். மூன்று நாள் ஏச்சையும் வாங்கிக்கொண்டார். றிஸ்லான் வாசலில் நிற்கிறான், மேலே எழுதியதை மாற்ற நேரமில்லை. போன் எடுக்காதே. மிதவைச் சட்டையின் உறையை நானே கிழித்துவிட்டேன். கயிறு இன்னும் ஒன்று அனுப்பு, கொடியை அவிழ்க்கப் போனால் அவர் விடுகிறாரில்லை.