பதினொரு மணி முதல் ஒரு மணி வரை

மகன் மெர்வின் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்த ஆண்டு வாசிப்பு அறிக்கையை மனைவி கெசியா சத்தமாக வாசித்தபோது, பாக்கியசீலனுக்கு வாயில் போட்ட இட்லி உள்ளே இறங்கவில்லை.

"வாழ்த்துகள்! இந்த ஆண்டு நீங்கள் நாற்பத்தொரு புத்தகங்கள் வாசித்து முடித்திருக்கிறீர்கள்."

கெசியா கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்தினாள். "ஏங்க, நாப்பத்தியொண்ணா? ஒரு வார்த்த சொல்லலியே!"

பாக்கியசீலன் தண்ணீரைக் குடித்தார். சொல்வதற்கு அவரிடம் ஒரே ஒரு செய்திதான் இருந்தது. இந்த ஆண்டு அவர் ஒரு புத்தகத்தைக்கூட வாசித்து முடிக்கவில்லை.

அந்த அறிக்கை, போன கிறிஸ்துமஸுக்கு மகன் வாங்கிக் கொடுத்த மின்புத்தக ரீடர் அனுப்பியது. ஓர் ஆண்டுக்குச் சந்தாவும் தன் கணக்கிலேயே கட்டியிருந்தான். விரலால் தொட்டால் போதும், எந்தப் புத்தகமும் இறங்கும். வாங்கிய முதல் வாரத்தில் பாக்கியசீலன் பதினேழு புத்தகங்களின் முதல் பக்கத்தை வாசித்தார். கொஞ்சம் அலுத்தால் அடுத்ததைத் தொட்டார். அதுவும் அலுத்தால் அதற்கடுத்தது. முன்பெல்லாம் ஒரு புத்தகத்துக்காகப் பஸ் ஏறிப் போய், கடையில் நின்று அரை மணி நேரம் யோசித்து, தூக்கிச் சுமந்து வருவார். சுமந்து வந்த பாவத்துக்காகவாவது கடைசிப் பக்கம் வரை போவார். இதில் சுமையே இல்லை. அதனால் எங்கேயும் போய்ச் சேரவும் முடியவில்லை.

பிப்ரவரியில் ரீடரை அலுவலக மேசை டிராயரில் கொண்டுபோய் வைத்தார். "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வாசிக்கேன். வீட்டுல வாசிச்சா உங்கிட்டப் பேச நேரமில்லாமப் போவுது" என்று கெசியாவிடம் சொன்னார். கெசியாவுக்கு அன்று முழுவதும் முகம் மலர்ந்திருந்தது. அன்றிரவிலிருந்து அவர் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் துருப்பிடித்த அரிவாளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் பார்க்க ஆரம்பித்தார். அரிவாள் முடிந்தால் கோடாலி வரும். கோடாலி முடிந்தால் பழைய பூட்டு.

இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்காத நாளில்லை. பாளையங்கோட்டையில் அவருடைய சபையில் இரண்டு பாக்கியசீலன்கள் உண்டு. ஒருவர் 'மாடு வச்சிருக்க பாக்கியசீலன்'. இவர் 'வாசிக்கிற பாக்கியசீலன்'. வாசிப்பதை எடுத்துவிட்டால் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? ஐம்பத்தெட்டு வயதில் போய் மாடு வாங்கவா முடியும்?

இயந்திரம் ஏதோ தவறாக எண்ணிவிட்டது. பேசாமல் இருந்தால் தானாக அடங்கிவிடும் என்று முடிவு செய்து, அடுத்த இட்லியை எடுத்தார்.

"அனுப்பிட்டேன்" என்றாள் கெசியா.

"எங்க?"

"சபைப் பொம்பளையாள் குரூப்புக்கு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாடு வைத்திருக்கும் பாக்கியசீலனும் வந்து, "பேரக் காப்பாத்திட்டீரு வே" என்றார். பாக்கியசீலன் சிரித்து வைத்தார். மௌனமாக இருப்பது பொய் ஆகாது என்று வீடு வரும் வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் கெசியா கைப்பேசியை மறுபடி எடுத்தாள். "கீழ இன்னும் என்னமோ இருக்குங்க. 'நீங்கள் அதிகம் விரும்பிய வகை...'" அவள் குரல் நின்றது. "'காதல் கதைகள். முப்பத்து மூன்று.'"

"அது மெர்வின் ஏத்திவிட்டது" என்றார் பாக்கியசீலன் உடனே.

கெசியா அந்த இடத்திலேயே மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் ஒண்ணும் ஏத்தலம்மா. அப்பா தொட்டாத்தான் இறங்கும்" என்றான் மெர்வின். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பா, இதுல என்ன வெக்கம்? நல்லா வாசிங்க" என்றான்.

போன் வைக்கப்பட்டது. வேறு வழியில்லாமல் பாக்கியசீலன் உண்மையைச் சொன்னார். "கெசியா, நான் ஒண்ணுமே வாசிக்கல."

"அப்ப முப்பத்தி மூணு காதல் கதையையும் நானா வாசிச்சேன்?"

"மிசின் தப்பாச் சொல்லுது."

"மிசினுக்கு எதுக்குங்க காதலு?"

கெசியா மத்தியானம் சோறு வைத்தாள்; குழம்பை அவரையே ஊற்றிக்கொள்ளச் சொன்னாள்.

திங்கட்கிழமை அவர் பேட்டைக்கு வேலைக்குப் போனபோது வாசலிலேயே கிருபைராஜ் நின்றுகொண்டிருந்தார். பாக்கியசீலன் வேலை பார்த்த பொருநை விதை உற்பத்தியாளர் சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவர், பத்தமடைப் பக்கம் நெல் வயல் உள்ளவர், அதே சபைக்காரர். அவர் மனைவியும் அந்தக் குரூப்பில் இருந்தாள். அறிக்கையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்த ஒரே ஆள் கிருபைராஜ்தான்.

"என்ன வே பாக்கியசீலன்! 'அதிகம் வாசித்த நேரம்: வேலை நாள்களில் காலை பதினொரு மணி முதல் ஒரு மணி வரை.' சங்கத்துச் சம்பளத்துல காதலா?"

பாக்கியசீலனுக்கு அந்த வரி புதிது. "அண்ணாச்சி, அது அமெரிக்கா நேரம். மிசின் அங்கத்த மிசின். நேரத்த மாத்தாம அனுப்பிட்டான்."

கிருபைராஜ் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "எம் மக கரோலின் அங்கனதான் இருக்கா. அவளுக்குக் காலையில பதினோரு மணின்னா நமக்கு ராத்திரி ஒம்பதரை. அப்ப பதினொண்ணரை வரைக்கும் படுக்கையில கெடந்து வாசிக்கீரு, அப்படித்தான? இரும், கெசியாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

போர்வைக்குள் தெரிந்த வெளிச்சம் பாக்கியசீலனுக்கு நினைவு வந்தது. கெசியாவுக்கு அந்தச் சாட்சி ஒன்று போதும்.

"வேண்டாம் அண்ணாச்சி. இந்திய நேரமாவே இருக்கட்டும்."

"அப்ப ஆபீஸ்லதான்!"

"இல்ல அண்ணாச்சி. பதினோரு மணிக்கு நான் எம் மேசையிலயே இருக்க மாட்டேன். ஒரு மணி வரைக்கும் கிட்டங்கியில விதை மூட்டை எடுத்துக் குடுத்துக்கிட்டுல்லா இருப்பேன்!"

இது உண்மை. ஆண்டுக்கணக்காக நடப்பது. இதைச் சொன்னதும் தப்பித்துவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் கிருபைராஜ் முகத்தில் பெரிய வெளிச்சம் வந்தது.

"அப்படிச் சொல்லும்! பிசான நடவுக்கு எனக்கு அம்பை பதினாறு நெல்லு கேட்டேன். நீரு பாதி மூட்டைய மாத்தித் தூக்கிப் போட்டீரு. இப்ப வயல்ல பாதி முழங்கால் உயரம் நிக்கி, பாதி இடுப்பு உயரம் நிக்கி. நான் கண்ணு மங்கிப் போச்சு ஒமக்குன்னு நெனச்சேன். நீரு மூட்டை மேல உக்காந்து காதல் வாசிச்சிருக்கீரு. அப்புறம் சாக்குல என்ன எழுதியிருக்குன்னு எப்படி வே தெரியும்? வாரும், செயலாளர்ட்டப் போவோம்."

செயலாளர் மகாராஜன் சங்கத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேசையில் தினத்தாளை விரித்ததற்காக ஒருவருக்கு மெமோ கொடுத்தவர். அவர் முன்னால் கிருபைராஜ் எல்லாவற்றையும் கொட்டினார். நாற்பத்தொன்று, முப்பத்து மூன்று, பதினொன்று முதல் ஒன்று, முழங்கால், இடுப்பு.

மகாராஜன் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "வாசிக்கது நல்ல பழக்கம்தான அண்ணாச்சி. விட்டுருங்களேன்" என்றார்.

பாக்கியசீலன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். இந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் பயமில்லை. இப்படிப் பைய பேசினால் பின்னால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"விடவா? பேப்பர் விரிச்சவனுக்கு மெமோ குடுத்தீரு. இவருக்குத் தனிச் சட்டமா? கூட்டத்துல நான் கேப்பேன்" என்றார் கிருபைராஜ்.

மகாராஜன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். "சார், ரெண்டு வரி எழுதிக் குடுங்க போதும். 'நாற்பத்தொரு புத்தகங்களையும் நானே வாசித்தேன். இனி அலுவலக நேரத்தில் வாசிக்க மாட்டேன்.' அதோட முடிச்சிருவோம். மெமோ கிடையாது. கிட்டங்கி விசயத்தத் தனியாப் பாத்துக்கிடலாம்."

பேனா பாக்கியசீலன் கையில் இருந்தது. இரண்டே வரி. எழுதிவிட்டால் சாகும் வரைக்கும் அவர் வாசிக்கிற பாக்கியசீலன், சங்கத்தின் முத்திரையோடு. நாற்பது ஆண்டு வாசிப்பில், வாசிக்காத ஒரு புத்தகத்தை வாசித்தேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மாதான் இருந்தார். எழுத்தில் கொடுப்பது வேறு. நாளைக்கு மெர்வின் கூப்பிட்டு, "எந்தக் கதைப்பா ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டால்?

பேனாவை மூடினார்.

"நான் வாசிக்கல சார்."

"எழுதுங்க சார், பரவால்ல" என்றார் மகாராஜன் அவசரமாக.

"ஒண்ணுகூட வாசிக்கல. பதினேழு புத்தகத்துல மொதப் பக்கம், அவ்வளவுதான். பிப்ரவரியில இருந்து அத நான் தொடவேயில்ல. ராத்திரி போன்ல அரிவாள் தேய்க்கதப் பாக்கேன். எனக்கு வாசிப்பு விட்டுப்போச்சு."

சொல்லி முடித்ததும், தலையில் இருந்த மூட்டையை யாரோ கை கொடுத்து இறக்கிவைத்தது போல இருந்தது. இதற்காகவா பத்து மாதம் பயந்தோம் என்று அவருக்கே வியப்பு. இனி எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.

கிருபைராஜ் அவரையே பார்த்தார். "அரிவாளா? துருப்புடிச்சுக் கெடக்கும், கடைசியில மூஞ்சி தெரியும்படி வருமே, அதா?"

"நீங்களும் பாக்கீகளா அண்ணாச்சி?"

"கோடாலி பாத்தீரா?"

"பாத்தேன். பூட்டு?"

"அத ரெண்டு தடவ பாத்தேன் வே" என்று கிருபைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் இந்த வருசம் ஒரு பக்கம் பொரட்டல. சாவிய உள்ள விட்டுத் திருப்பும்போது ஒரு சத்தம் வரும் பாத்தீரா..."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாக்கியசீலன் இப்படிச் சிரித்து ஓர் ஆண்டு இருக்கும். கிருபைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று நிமிர்ந்தார்.

"அது சரி. அப்ப அந்த நாப்பத்தியொண்ணையும் யாரு வே வாசிச்சா?"

மகாராஜன் எழுந்தேவிட்டார். "அது மிசின் கோளாறு அண்ணாச்சி. சந்தேகமே இல்ல. அத எங்கிட்டக் குடுத்துருங்க சார், நானே ரிப்பேருக்கு அனுப்பிருதேன்."

காலி டீ கிளாஸ்களை எடுக்க வந்திருந்த அலுவலக உதவியாளர் பொன்செல்வி கதவருகே நின்றாள்.

"எது சார், அந்தச் சிலேட்டா? அதுக்கு ஒரு கோளாறும் இல்லியே! தெனமும் பதினோரு மணிக்கு ஒங்க டிராயர்ல இருந்து எடுத்தாந்து செயலாளர் அய்யா கையில நான்தான குடுக்கேன்; வெள்ளிக்கிழமகூட அதப் பாத்து அய்யா தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டுல்லா இருந்தாவ!"