மகனைத் திருப்பி அனுப்பக் கோரி

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கை நலம், அவள் குரல் அதைவிட நலம். உங்கள் மருமகன் நலம், அவன் பசி அதைவிட நலம். நான் நலமா என்று நீங்கள் வழக்கம்போலக் கேட்க மாட்டீர்கள் என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன். அங்கே அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் சர்க்கரையும் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்றும் நம்புகிறேன். சர்க்கரை எப்படியோ, இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது கோபம் கட்டுக்குள் இருந்தால் நல்லது.

விஷயம் இதுதான். பையனுக்குப் பட்டாளத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை வண்டியில் கிளம்பிப் பயிற்சி முகாமில் போய்ச் சேர வேண்டுமாம். அந்த முகாமின் பெரிய அதிகாரி உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் என்று நீங்கள் வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே தயவுசெய்து அவருக்கு ஒரு போன் போட்டு, "பையன் பட்டாளத்துக்கு லாயக்கில்லை, வந்த வண்டியிலேயே கௌரவமாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று சொல்ல வேண்டும். நான் பயந்துபோய்க் கேட்பதாக நினைக்க வேண்டாம். எனக்கென்ன பயம்? பட்டாளத்தின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன்.

இந்த வினைக்கு மூலகாரணம் நீங்கள் என்பதையும் மரியாதையோடு சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு லீவுக்கும் வந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, பனிமலை, இருட்டு, தலைக்கு மேல் குண்டுச் சத்தம் என்று நீங்கள் கதை சொல்லும்போது பையன் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் உட்கார்ந்திருப்பான். நீங்கள் பட்டாளத்தில் கம்பளி ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தீர்கள் என்பதையும், தலைக்கு மேல் இருந்தது கம்பளிக் கட்டு மட்டும்தான் என்பதையும் உங்கள் தங்கை கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். நான் இன்றுவரை பையனிடம் மூச்சு விடவில்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் உறவுமுறையாக எடுத்துக்கொள்ளவும்.

உத்தரவு வந்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேண்டாம் என்று நேராகச் சொன்னால் பிடிவாதம் கூடும் என்பதால் ஒரு திட்டம் போட்டேன். பட்டாளத்தில் படப்போகிற பாட்டையெல்லாம் வீட்டிலேயே படுத்தினால் பையன் தானாகவே "ஐயோ சாமி, ஆளை விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவான் அல்லவா? ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பெட்டியில் நின்று, விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டியே காலத்தைக் கழித்தவன். என்னால் ஒரு வண்டி ஒரு நிமிஷம்கூடத் தாமதமானதில்லை என்பதை மேலதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கு, கட்டுப்பாடு எல்லாம் பட்டாளத்துக்கு மட்டும்தான் சொந்தமா? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பையன் கட்டிலருகே நின்று என் பழைய விசிலை எடுத்து மூச்சை இழுத்து ஊதினேன். மேல்மாடியில் இருக்கும் ரிடையர்டு ஹெட்மாஸ்டர் துண்டோடு இறங்கி ஓடிவந்தார். எதிர்வீட்டு நாய் ஓடிவந்தது. உங்கள் தங்கை "நெருப்பா, திருடனா?" என்று கேட்டுக்கொண்டே கரண்டியோடு வந்தாள். பையன் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் பிறந்து விசில் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன் அவன். அது அவனுக்குத் தாலாட்டு மாதிரி. கடைசியில் வழக்கம்போல அவன் பாதத்தை இரண்டு தட்டு தட்டினேன், சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "ஏம்ப்பா, தூக்கம் வரலையா உங்களுக்கு?" என்று கேட்கிறான். விசிலுக்கு எழாதவன் பட்டாளத்தில் என்ன செய்வான்? இது முதல் குறை, அதிகாரியிடம் சொல்லவும்.

அடுத்தது ஓட்டம். முறைப்படி நடத்த வேண்டும் என்று ரயில்வே விதிகளையே வைத்துக்கொண்டேன். அவன் இன்ஜின், முன்னால் ஓடுவான். நான் கார்டு, சைக்கிளில் பின்னால் வருவேன். வண்டி இதோடு முடிகிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கேரியரில் சிவப்புத் துணி. ஒவ்வொரு தெருமுனையிலும் அவன் நின்று, கையைத் தூக்கி, திரும்பிப் பார்க்க வேண்டும். நான் பச்சைக் கொடி காட்டினால்தான் நகர வேண்டும். முதல் நாள் கடைத்தெரு வழியாகப் போனோம். சிவப்புத் துணியைப் பார்த்துப் பின்னால் வந்த குப்பை லாரி என்னை முந்தப் பயந்தது. அதன் பின்னால் ஸ்கூல் வேன், அதன் பின்னால் ரொட்டி விற்கிறவரின் சைக்கிள், அப்புறம் யார் யாரோ. நாற்சந்தியில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் இந்த ஊர்வலத்தைப் பார்த்து யாரோ மந்திரிதான் வருகிறார் என்று முடிவுகட்டி, மற்ற மூன்று பக்கத்தையும் நிறுத்திவிட்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்தார் மச்சான்! எனக்கு வாழ்க்கையில் யாரும் சல்யூட் அடித்ததில்லை. பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் பச்சைக் கொடியை ஆட்டிவிட்டேன். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. அந்த அமளியில் குப்பையும் ரொட்டியும் கலந்ததுதான் மிச்சம். அடுத்த முனையில் நிற்க வேண்டிய பையன், நான் கொடி காட்டாமலே திரும்பி ஓடிவந்து, ரொட்டிக்காரரைத் தூக்கி நிறுத்தி, வேனில் அழுத பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, போலீஸ்காரருக்குப் பதிலாகத் தானே நடுவில் நின்று வண்டிகளைப் பிரித்து அனுப்பினான். உத்தரவில்லாமல் இடத்தை விட்டு நகர்கிறவனை வைத்துக்கொண்டு எந்த நாடு போருக்குப் போக முடியும்? இது இரண்டாவது குறை.

சரி, முடி வெட்டினாலாவது மனசு மாறும் என்று சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த முடியை அவன் வளர்த்த அக்கறையில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் இன்று இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. பட்டாளத்துக்குப் போகிற பையன் என்று கேட்டதும் சலூன்காரர் உணர்ச்சிவசப்பட்டு, "காசு வேணாம் சார், இது என்னோட கடமை" என்று சொல்லி மிஷினைப் போட்டு மண்டையை வழித்துவிட்டார். பையன் கண்ணாடியைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீராவது விடுவான் என்று காத்திருந்தேன். விசில் அடித்துக்கொண்டு எழுந்து போனான். விடியலில் எழுந்த களைப்பில் அடுத்த நாற்காலியில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். "சாருக்கும் இதே மாதிரிதானே?" என்று அவர் கேட்டிருக்கிறார், நான் தூக்கத்தில் தலையை ஆட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை கதவைப் பாதி திறந்து, "அவர் வெளியே போயிருக்காரு, அப்புறமா வாங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

கீழ்ப்படிதல் விஷயத்துக்கு வருவோம். "எழுந்து நில்லு" என்றேன். "எதுக்குப்பா?" என்றான். "எதுக்குன்னு கேக்கக் கூடாது. பட்டாளத்துல கேள்வியே கிடையாது" என்றேன். "அம்மா எது சொன்னாலும் நீங்க எதுக்குன்னு கேக்காமத்தான் செய்றீங்க. நீங்க முன்னாடியே பட்டாளத்துல சேர்ந்திருக்கலாம்ப்பா" என்றான். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை சிரித்த சிரிப்பு மேல்மாடி வரை கேட்டது.

மேல்மாடி என்றதும் ஹெட்மாஸ்டர் ஞாபகம் வருகிறது. விசிலுக்குப் பயந்து துண்டோடு ஓடிவந்த அதே மனிதர் நேற்று மாடிப்படியில் நின்று பையனுக்கு ஒரு பிரிவு உபசார உரை நிகழ்த்தினார். வீட்டுக்கு ஒரு பிள்ளையை நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், பெற்றவர்கள் கண்கலங்கக் கூடாது என்றும் கையை உயர்த்தி உயர்த்திப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பையன எப்ப சார் அனுப்புறீங்க?" என்று கேட்டேன். கை அப்படியே இறங்கியது. "அவனுக்குத் தூசி ஒத்துக்காது" என்றார். எங்கள் பையனுக்கு மட்டும் தூசி என்றால் வெல்லமா? நாட்டைப் பற்றி அவருக்கு இருக்கிற கவலையை நான் குறை சொல்லவில்லை; அதை அவர் எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையை வைத்தே படுவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

உங்கள் தங்கையாவது என் கட்சியில் நிற்பாள் என்று பார்த்தால், அவள் அழுகையெல்லாம் பெட்டி அடுக்குவதில் போய்விட்டது. உத்தரவில் சொல்லியிருப்பது உள்ளாடை, சோப்பு, பல் விளக்குகிற சாமான், பூட்டு. அவள் அடுக்கியிருப்பது தலையணை, வெந்நீர்ப் பை, கொசுவலை, குடை, மூன்று டப்பா தின்பண்டம். "போர்க்களத்துல குடை பிடிப்பானா?" என்று கேட்டதற்கு, "மழை வந்தா பிடிக்கட்டுமே, யாரு வேணாங்கறா?" என்றாள். பெட்டியின் மேலே அதிகாரிக்கு ஒரு சீட்டும் எழுதி ஒட்டியிருக்கிறாள். 'பசி வந்தால் பிள்ளைக்குக் கோபம் வரும். ஆகையால் கையில் துப்பாக்கி கொடுப்பதற்கு முன் சாப்பாடு கொடுக்கவும்.' அந்தப் பெட்டியை நானும், பையனைப் பார்த்துவிட்டுப் போக வந்த சலூன்காரரும் சேர்ந்து அசைக்கப் பார்த்தோம், முடியவில்லை. பையன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கும் வாசலுக்குமாக நடந்து பழகுகிறான். தினம் தினம் தோள் அகலமாகிக்கொண்டே போகிறது. என் பயிற்சி எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேற்று மாலை, வேறு வழி தெரியாமல், வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏண்டா, உனக்கு இங்க என்ன குறை?" அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "குறை ஒண்ணும் இல்லப்பா. சின்ன வயசுல நான் பிளாட்பாரத்துல நின்னு கை காட்டுவேன். நீங்க கடைசிப் பெட்டியில நின்னுக்கிட்டு போயிட்டே இருப்பீங்க. எப்பவும் நான்தான் நின்னேன். இந்தத் தடவை நான் போறேன், நீங்க நில்லுங்க." பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? அவன் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தது என் பழைய டியூட்டி பூட்ஸ் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆகவே மச்சான், மேலே சொன்ன குறைகளை எல்லாம் கருத்தில் கொண்டு, தாமதமில்லாமல் அந்த அதிகாரிக்கு போன் போடவும். பையனுக்குத் தெரிய வேண்டாம். உங்கள் தங்கைக்குத் தெரியவே வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்காவது பனிமலைக் கதை சொல்லாதிருக்க உங்களுக்கு நல்ல புத்தி வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
கார்டு (ஓய்வு)

பின்குறிப்பு: இதை வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் இத்தனை நாளும் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. தபால் பெட்டி எங்கள் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது, ஆனாலும் ஏன் போடவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வண்டி போய்விட்டது. இன்றைக்கு அந்த வண்டிக்குக் கார்டாக வந்தவன் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கொடியையும் விசிலையும் என் கையில் கொடுத்து, "சார், நம்ம பையன் போறான். நீங்களே அனுப்பி வைங்க" என்றான். சிக்னல் விழுந்துவிட்டது. விசிலை வாயில் வைத்தேன் மச்சான், காற்று வரவில்லை. வாழ்நாளெல்லாம் யார் யார் பிள்ளைகளையோ ஏற்றி, பிளாட்பாரத்தில் அழுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் ஊதியவன் நான். இன்ஜின் டிரைவர் தலையை நீட்டிப் பார்க்கிறார். உங்கள் தங்கை என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். பையன் ஜன்னல் வழியாக மொட்டைத் தலையை நீட்டி, கையை உயர்த்தி, நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி பின்னால் திரும்பிப் பார்த்து, "கொடி காட்டுங்கப்பா, லேட்டாவுது!" என்று கத்தினான். ஊதிவிட்டேன். அந்த வண்டி இன்று தாமதமாகத்தான் கிளம்பியது, காரணம் நான்தான் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் நானே சொல்லிவிட்டேன்.

இனி அவனைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டாம். ஆனால் இது கைக்குக் கிடைத்ததும் அந்த அதிகாரிக்கு எப்படியும் ஒரு போன் போட்டுவிடுங்கள். விசில் ஊதினால் பையன் எழ மாட்டான், பாதத்தை மெதுவாக இரண்டு தட்டு தட்டினால் போதும், உடனே எழுந்துவிடுவான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.