மாலைக்கண் சிங்கமும் கேரட் முயலும்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, மான்கள் இருந்தன, நல்ல சிக்னலும் இருந்தது. அதனால் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள்.

சிங்கத்துக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் பாறையை எருமை என்று நினைத்துப் பாய்ந்து பல்லை உடைத்துக்கொள்ளும். மான்களுக்கு அப்படி ஒரு நிம்மதி. "கண் சரியாகத் தெரியவில்லை" என்று அது குழுவில் புலம்பியபோது, எல்லாரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுக் கமுக்கமாக இருந்துகொண்டார்கள்.

வெள்ளைச்சாமி முயலால் மட்டும் முடியவில்லை. தினமும் காலையில் குழுவுக்கு ஆரோக்கியக் குறிப்பு அனுப்பும் ஆசாமி அது. யாராவது தும்மினாலே நாலு கஷாயம் சொல்லும். நேரே குகைக்கே போய்விட்டது.

"ராஜா, கேரட், பப்பாளி, பரங்கிக்காய்க்கெல்லாம் அந்த ஆரஞ்சு நிறம் எதனால வருது? பீட்டா கரோட்டின்! அது உள்ள போய் வைட்டமின் ஏ-வா மாறும். கண்ணு பளிச்சுனு தெரியும்."

"அப்போ நான் கேரட் தின்னணுமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கலாம். அரைகுறையாகச் சொன்னால் அதற்குத் தூக்கம் வராதே!

"உங்களுக்குப் பலிக்காது ராஜா. பூனை இனத்து உடம்புக்கு அதை மாத்தத் தெரியாது. எங்கள மாதிரி இலைதழை திங்கறவங்க உடம்புதான் மாத்தும். மாத்தி ஈரல்ல சேர்த்து வைக்கும்."

சிங்கம் மெல்ல எழுந்து குகை வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

"தினமும் கேரட் தின்னச் சொல்றவன் நீதானே? உன் ஈரல் எப்படி இருக்கும்!"

வெள்ளைச்சாமி தடாலென்று காலில் விழுந்தது. "ஐயோ ராஜா, நான் சொல்றதோட சரி! கேரட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. மூணு வேளையும் கரடி கடை பஜ்ஜிதான். வேணும்னா மோந்து பாருங்க!"

சிங்கம் மோந்து பார்த்தது. பழைய எண்ணெய் வாடை. மூக்கைத் திருப்பிக்கொண்டது.

"சீ! அப்போ நீ சொல்றதை எவன்தான்டா கேக்கறான்?"

முயல் கொஞ்சம் தயங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னது.

"அல்லின்னு ஒரு மான் ராஜா. கேரட் ஜூஸ் குடிக்காம அவளுக்குப் பொழுதே விடியாது."

அந்த வாரக் கடைசியில் சிங்கத்துக்கு அந்தியிலும் கண் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் காலை வெள்ளைச்சாமி வழக்கம்போல 'பீட்ரூட்டின் நன்மைகள்' அனுப்பியது. கீழே எல்லாரும் 'பயனுள்ள தகவல், நன்றி' என்று போட்டார்கள், அல்லியைத் தவிர.

நீதி: கேரட் கண்ணுக்கு மிகவும் நல்லது. யாருடைய கண்ணுக்கு என்பதை மட்டும் தின்னுமுன் விசாரித்துக்கொள்ளவும்.