கச்சத்தீவில் ஒரு குடம் தண்ணீர்

என் வயிற்றில் எது வேண்டுமானாலும் தங்கும். மூன்று நாள் பழைய சோறு தங்கும், புளித்த கள் தங்கும் (ஒரே ஒரு தடவைதான், அதுவும் மாமா ஊற்றிக் கொடுத்தது). ரகசியம் மட்டும் தங்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்த வயதில் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் தங்கச்சிமடத்தில் அந்தக் காலத்தில் யாரும் தேதி சொல்லிப் பேசமாட்டார்கள். 'ஆடி அமாவாசைக் கூட்டம் கலைஞ்ச மறுவாரம் பொறந்தவன்', 'மாதா திருநாள் கொடியேத்தத்துக்கு வாங்குன வலை' என்றுதான் பேச்சு. பொங்கல் போய்த் தவக்காலம் வந்துவிட்டால் எல்லோர் வாயிலும் கச்சத்தீவு. நடுக்கடலில் கிடக்கும் அந்தத் தீவில் அந்தோணியாருக்கு ஒரு சின்னக் கோவில். திருவிழாவுக்கு இந்தக் கரையிலிருந்தும் இலங்கைக் கரையிலிருந்தும் வள்ளம் வள்ளமாக ஜனம் வந்து இறங்கும். யாரும் யாரிடமும் அனுமதிச் சீட்டுக் கேட்டதில்லை. ஜெபம் ஒரு பக்கம், சோப்பும் சேலையும் கைமாறுவது ஒரு பக்கம், கல்யாணப் பேச்சு இன்னொரு பக்கம். வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். தீவில் வைத்துப் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. திருவிழாவுக்குப் போனோம், வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் அக்கா செல்வராணிக்கு அந்த மறைப்பு தேவையாக இருந்தது. சின்ன வயதில் சீழ் வைத்ததில் அவளுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. வலது பக்கம் நின்று பேசினால் எல்லாம் கேட்கும். இடது பக்கம் வெடி வைத்தாலும் திரும்பமாட்டாள். இரண்டு இடம் வந்து, இரண்டும் அந்தக் காதைக் காரணம் சொல்லித் திரும்பிப் போயிருந்தன. இரண்டாவது ஆட்கள் போன பிறகு அக்கா மூன்று நாள் ஒருத்தரோடும் பேசாமல் வலை பின்னிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மூன்றாவதாகக் காரங்காட்டிலிருந்து ஓர் இடத்தைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி சவேரி மாமா. கச்சத்தீவில் சனிக்கிழமை சாயங்காலம் பார்ப்பது என்று ஏற்பாடு. அம்மா திட்டம் போட்டுவிட்டாள்.

"அவளுக்கு இடது பக்கம் நான் ஒட்டி உக்காந்துக்கிருவேன். அவுக என்னமும் கேட்டா ஒரு கிள்ளு கிள்ளுனா 'ஆமா', ரெண்டு கிள்ளுனா 'இல்ல'. காதுப் பேச்ச ஒருத்தரும் எடுக்கக் கூடாது. ஏலே மிக்கேலு, ஒனக்குத்தான் சொல்றேன்."

"நான் ஏன் எடுக்கப்போறேன்" என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, எங்கள் தெருவிலேயே மூளை உள்ளவன் நான் ஒருத்தன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தீவில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பது பெரும்பாடு. அரிசி, விறகு, தண்ணீர் எல்லாம் அவரவர் வள்ளத்தில் கொண்டுபோக வேண்டும். பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பும் வேலையை அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னிடம் விட்டார். வீட்டில் இரண்டு பீப்பாய். சின்னது குடிதண்ணீருக்கு. பெரியது, வள்ளத்து மரத்துக்குப் பூசுகிற மீனெண்ணெய்க்கு. அது அப்போது காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் சின்னப் பீப்பாயோடு போய் நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பெரியதை மணல் போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நார் வைத்து மூன்று தடவை தேய்த்தேன். மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. (எனக்கு அன்று மூக்கடைப்பு. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

விடியற்காலம் பாய் விரித்துப் புறப்பட்டோம். வழியில் குடிக்க ஒரு மண்பானைத் தண்ணீர் தனியாக இருந்தது. இறங்கும்போது அது காலி. அத்தனை மணி நேரமும் பெரிய பீப்பாய் வெயிலில் காய்ந்துகொண்டே வந்தது. தீவில் அடுப்பு மூட்டி, கருப்பட்டிக் காப்பிக்குத் தண்ணீர் மொண்ட அம்மா செம்பை முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றுவிட்டாள். தண்ணீர் மேலே மயில் கழுத்து மாதிரி நிறம் நிறமாக எண்ணெய் மிதந்தது. மரத்துக்குள் ஊறியிருந்ததையெல்லாம் பீப்பாய் வெயிலில் கக்கியிருந்தது. அய்யா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அவுக வர்ற நேரம் ஆச்சு. நான் என்னத்தடா குடுப்பேன்?" என்று அம்மா மணலில் உட்கார்ந்தாள். அக்கா புதுச் சேலையில் வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, எதுவும் கேட்காத மாதிரிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காதுப் பக்கம்தான் நாங்கள் நின்றோம். ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் வள்ளத்தில் எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள், குடத்துக்குக் கிடையாது என்றார்கள். அடுத்த வள்ளத்தில் அக்கா மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஒரு பொய் சொன்னேன். அங்கிருந்த பெரியவர், "எங்கன கெடக்கு புள்ள?" என்று வைத்தியப் பையோடு எழுந்துவிட்டார். அவரிடமிருந்து தப்பிப்பதே பெரிய பாடாகிவிட்டது.

மூன்றாவதாக ஒரு வள்ளத்தின் நிழலில், வாட்டசாட்டமான ஓர் அம்மா தனியாக உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, ஒரு குடம் தண்ணி வேணும்."

"ஒரு குடமா? என்னத்துக்கு?"

அந்த 'என்னத்துக்கு' என்ற ஒரு வார்த்தை போதும் எனக்கு.

"எங்க அக்காவப் பொண்ணு பாக்க வாராக. நான் மீனெண்ணெய்ப் பீப்பாயில தண்ணி கொண்டாந்துட்டேன். காப்பி போட வழியில்ல."

"எந்த ஊர்க்காரக?"

"காரங்காடு. மாப்பிள்ள தங்கமானவராம். அவுக ஆத்தாதான் ரொம்பப் பொல்லாதவுகளாம். எதுலயும் நொட்டை சொல்லுவாகளாம்."

முறம் ஒரு நொடி நின்றது. "யாரு சொன்னா?"

"எங்க சவேரி மாமா."

"சவேரியா. சரி." முறம் மறுபடி ஆடியது. "பொண்ணு எப்படி?"

"அக்கா முடிச்சுப் போட்டா வலை அவுறாதும்மா. எனக்கு அம்மை போட்டப்ப ஒருத்தரும் கிட்ட வரல, அக்காதான் பக்கத்துலயே படுத்துக் கெடந்துச்சு. ஒரு காதுதான் மந்தம்."

(புத்தியுள்ளவன் இந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வான். நான் மேலே பேசினேன்.)

"ரெண்டு எடம் அதுனாலதான் தட்டிப்போச்சு. அதுனால இந்தத் தடவ சொல்லப்போறதில்ல. நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீக."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றார் அந்த அம்மா. அப்புறம் குடத்தை வாங்கி, தன் பீப்பாயிலிருந்து கழுத்துமுட்ட நிரப்பினார். "எந்தக் காது?"

"இடது."

"சிந்தாமப் போ."

தண்ணீரைப் பார்த்ததும் அம்மா என் கன்னத்தைத் தடவினாள். காப்பி கொதிக்கும்போதே சவேரி மாமா சிரித்த முகமாக மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் மாப்பிள்ளையின் அப்பா, பின்னால் மாப்பிள்ளை, அதற்கும் பின்னால் சேலை மாற்றிக்கொண்டு, பயறு புடைத்த அந்த அம்மா.

கடலில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். அன்றைக்கென்று பார்த்துக் கடலும் முழங்கால் ஆழத்துக்கு வற்றிக் கிடந்தது.

"இவுகதான் மாப்பிள்ளையோட அம்மா, லூர்தம்மா" என்றார் மாமா.

"நீங்கதான் அந்தச் சவேரியா?" என்று லூர்தம்மா கேட்ட தொனியில் மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அம்மா இன்னும் அடுப்படியில் இருந்தாள். கிள்ளுவதற்கு ஆள் இல்லை. அக்காவின் இடது பக்கம் காலியாகக் கிடக்க, மாப்பிள்ளையின் அப்பா நேராகப் போய் அங்கே உட்கார்ந்துவிட்டார்.

"ஒன் பேரு என்னம்மா?"

அக்கா தலை குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். அக்கா அசையவில்லை. அய்யா கண்ணை மூடிக்கொண்டார். கரண்டியோடு அம்மா எழுந்தாள், ஆனால் எட்டாத தூரம். மூன்றாவது இடமும் போச்சு, என்னால்தான் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது லூர்தம்மா புருஷனைப் பார்த்துச் சொன்னார். "அங்கன உக்காந்து என்ன கேக்குறீக? எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து கேளுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. (அந்த வீட்டில் கேட்கிற வழக்கம் இல்லை என்று பின்னால் தெரிந்தது.) எழுந்து சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"ஒன் பேரு என்னம்மா?"

"செல்வராணி" என்றாள் அக்கா.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். லூர்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தண்ணி நல்ல தண்ணி. வேற நொட்டை ஒண்ணும் இல்ல."

அன்று சாயங்காலமே வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அவர்கள் போன பிறகு நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் (யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்). அம்மா கரண்டியோடு தீவைப் பாதி சுற்றி என்னைத் துரத்தினாள். அக்கா மட்டும், "எந்தக் காதுன்னுகூடச் சொல்லிட்டியாலே?" என்று கேட்டாள். "கேட்டாக, சொன்னேன்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது எதையாவது மறைத்தால், "மிக்கேலுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, எல்லாம் தன்னால வந்துரும்" என்பார்கள். லூர்தம்மா கடைசிவரை என்னைத் 'தண்ணிக்காரன்' என்றுதான் கூப்பிட்டார். சவேரி மாமா காரங்காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டில் எல்லோரும் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் வலது பக்கம் நின்றுதான் பேசுவார்கள். அவள் கொள்ளுப்பேரனுக்கு நான்கு வயது. பெரியவர்களிடம் பேசுகிற முறையே அதுதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது. ஆனாலும் அவன் என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்று, காதோடு காதாகக் கேட்டான்.

"தாத்தா, தண்ணி வேணுமா?"