படகுத்துறையில் ஒரு விசாரணைக் கமிஷன்

கேட்டுவிட்டுச் செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செய்துவிட்டுக் கேட்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்களோடு சேராத இன்னோர் இனம் உண்டு: கேட்டுக்கொண்டே இருப்பவர்கள். விசாரிப்பாளர்கள் என்று நான் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். செருப்பு வாங்கப் போனால், கடைக்காரரிடம் தோலைப் பற்றியும், எதிர்க் கடைக்காரரிடம் அந்தக் கடைக்காரரைப் பற்றியும், வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவரிடம் அவர் காலைப் பற்றியும் விசாரித்து, இருட்டும் நேரத்தில் போட்டுப் போன பழைய செருப்போடேயே வீடு திரும்புவார்கள். ஏமாறவில்லை என்ற திருப்தி முகத்தில் இருக்கும். கையில் புதுச் செருப்புதான் இருக்காது.

இந்த இனத்தைத் தேடி நாங்கள் எங்கும் போகவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தோம், வந்து சேர்ந்தார். அத்தான் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு மேலாளர். ஒரு திருகாணி வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது அங்கே விதி. அலுவலகத்தில் அவரைக் கொண்டாடுகிறார்கள். என்ன செய்வது, சாயந்திரம் சாப்பாட்டுக் கேரியரோடு அந்த விதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

கல்யாணமான புதிதில் அக்காவை ஓர் ஏரிக்கு அழைத்துப் போனார். எதிர்க்கரையின் வளைவுக்கு அப்பால் பாறையிலிருந்து ஓர் அருவி நேராக ஏரிக்குள் விழுகிறது. படகில் போனால்தான் கண்ணில் படும். அரசாங்கத்தின் பெரிய படகா, தனியாரின் சின்னப் படகா? அத்தான் விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்து முடிப்பதற்குள் துறையைப் பூட்டிவிட்டார்கள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை வர இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

போன மாதம் அவர்களுடைய வெள்ளிவிழாக் கல்யாண நாள். "எனக்குப் புடவையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த அருவியைக் காட்டுங்க, போதும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். காரை ஓட்ட நான். கூடவே அத்தானின் அப்பா. அவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. விசில் ஊதினால் வண்டி கிளம்பியாக வேண்டும் என்ற ஒரே கொள்கையில் முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவர். அவருக்கு இப்படி ஒரு பிள்ளை!

ஒன்றரை மணிக்குப் போய் இறங்கினோம். கடைசிப் பெரிய படகு மூன்றரைக்கு. இரண்டு மணி நேரம் கிடக்கிறதே என்று நான் நினைத்தேன். எனக்கு விவரம் போதாது.

அத்தான் நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போனார்.

"மேடம், பெரிய போட்டு அருவிகிட்ட எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பத்து நிமிஷம் சார்."

"எஞ்சினை அணைச்சுட்டு நிக்குமா, ஓடவிட்டே நிக்குமா?"

கவுண்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் டிக்கெட் மட்டும்தான் கிழிக்கறேன்."

அடுத்து, சின்னப் படகு வைத்திருந்த சிவப்புத் தொப்பிக்காரர்.

"உங்க போட்டுல என்ன விசேஷம்?"

"நீங்க சொல்ற நேரத்துக்குக் கிளம்பலாம். சொல்ற இடத்துல நிறுத்தலாம்."

"அப்ப அந்தப் பெரிய போட்டு?"

"அதுவும் நல்ல போட்டுதான் சார். எங்க வீட்ல எல்லாரும் அதுலதான் போவாங்க."

அத்தான் ஆடிப்போய்விட்டார். போட்டிக்காரனைத் திட்டாத வியாபாரியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு கொட்டேஷன் வந்ததே இல்லை.

சரி, அனுபவஸ்தர்களைக் கேட்போம் என்று படகிலிருந்து இறங்குகிறவர்களை வழிமறித்தார். காற்று பிரமாதம் என்றார் ஒருவர். பலகை முதுகைப் பிடித்துவிட்டது என்றார் இன்னொருவர். குழந்தை தூங்கிவிட்டது, அதனால் அற்புதம் என்றார் ஒரு தாய். வெயில் எந்தப் பக்கம் விழும், கூரை தகரமா துணியா, மிதவைச் சட்டை எத்தனை இருக்கிறது என்று செல்போனில் குறித்துக்கொண்டே போனார். அவர் கண்ணெதிரிலேயே இரண்டு படகுகள் நிரம்பிக் கிளம்பிப் போயின.

மடியில் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு கட்டத்தில் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, எதுலயாவது ஏறிடுவோமே."

"அவசரப்பட்டு ஏறிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது பாரு."

"ஏறாமயே இருபத்தஞ்சு வருஷம் வருத்தப்பட்டாச்சு. ஏறிட்டு ஒரு தடவை வருத்தப்பட்டுக்கறேனே."

அத்தான் காதில் அது விழவில்லை. துறையில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவரிடம் ஏரியின் ஆழத்தைக் கேட்கப் போய்விட்டார்.

மூன்றரைக்குக் கடைசிப் படகு விசில் ஊதியது. அதுவரை கண்ணயர்ந்திருந்த பெரியவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். "வாம்மா" என்று மருமகளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிக்கெட் கிழிந்தது, கயிறு அவிழ்ந்தது, படகு நகர்ந்தது.

அத்தான் திரும்பியபோது பெஞ்ச் காலி. நடுவில் பத்துப் பதினைந்து அடி தண்ணீர்.

"ஏய், நில்லு! நான் இன்னும் முடிவே பண்ணலியே!"

"நீங்க நிதானமா விசாரிச்சுட்டு வாங்க!" என்று கையசைத்தாள் அக்கா. கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில்தான் மனுஷன் பயந்துபோனார். இத்தனை வருஷத்தில் தன்னை விட்டுவிட்டு அவள் எதிலும் ஏறியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஓடினார். இடுப்பு வலிக்காரர், ஓடினார்! சிவப்புத் தொப்பிக்காரரின் படகில் தொபுக்கென்று குதித்தார். பின்னாலேயே நானும்.

"எங்க சார் போகணும்?"

"அதோ, என் பொண்டாட்டி பின்னாடி!"

தொப்பிக்காரர் எங்கள் மேல் ஆளுக்கொரு மிதவைச் சட்டையை எறிந்துவிட்டு எஞ்சினை முடுக்கினார். நீங்கள் நம்பமாட்டீர்கள், அடுத்த பத்து நிமிஷம் அத்தான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தண்ணீர் முகத்தில் அடித்தது, சட்டை நனைந்தது, வாரிவிட்ட தலைமுடி கலைந்தது. வாயைப் பிளந்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். வளைவு தாண்டியதும் அருவி. அதன் எதிரே பெரிய படகு அசைந்துகொண்டு நின்றது. கம்பியைப் பிடித்து, முகத்தை அண்ணாந்து, சாரல் விழ விழ நின்றுகொண்டிருந்தாள் அக்கா.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், உக்காருங்க, கவுந்துடும்!"

"தெரியுதா?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார் அத்தான்.

"தெரியுது! உங்களுக்கு?"

"தெரியுது!"

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த இரைச்சலில் வேறென்ன பேச முடியும்? பெரியவர் மட்டும் மேல்தட்டிலிருந்து மகனைப் பார்த்து, ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டுவதுபோல் தன் துண்டை ஆட்டினார்.

கரைக்குத் திரும்பியதும் அக்காவின் ஈரத் தலையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார் அத்தான். எல்லார் முன்னாலும்! அந்த நேரம் பார்த்துப் புதுசாகக் கல்யாணமான ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். "சார், நாளைக்கு வரலாம்னு இருக்கோம். எந்தப் போட்டு நல்லது?" என்று பையன் அவரையே கேட்டான். ஆயுளில் முதல்முறையாக அவரிடம் ஒருவர் விசாரிக்கிறார்! தொண்டையைக் கனைத்தார். "அதாவது தம்பி..." என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்தார்.

"எது முதல்ல கிளம்புதோ அது" என்று முடித்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்தப் பக்கத்துக்கு வருமுன் பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, எது சின்னது, எது பெரிசு என்று பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் "இது எப்படி இருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே படிக்க உட்கார்ந்தீர்கள்? இல்லை என்கிறீர்களா? சரி. எதற்கும் உங்கள் வீட்டில் ஒரு தடவை நான் விசாரித்துக்கொள்கிறேன்.